வால்யூமை ஏற்றியது யார்?

'ஓவர் ஆக்டிங்' என்று ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் இதை உச்சரித்த அடுத்த விநாடி உங்கள் மனசில் வந்து நிற்கிற முகம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கன்னச் சதை துடிக்கிறது, உதடு நடுங்குகிறது, ஒரு புருவம் மட்டும் தனியாக மேலே போகிறது. மிமிக்ரி செய்கிறவர் மேடை ஏறி இதைச் செய்து காட்டுகிறார். நாம் சிரிக்கிறோம். கைதட்டுகிறோம். அடுத்து ரஜினி வாய்ஸ், அதற்கடுத்து விஜயகாந்த்.

சிவாஜி கணேசன் இறந்தது 2001 ஜூலை 21. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு அவரைத் தெரிந்ததே மிமிக்ரிக்காரர்கள் வழியாகத்தான். ஒரிஜினலைப் பார்க்காமல் ஜெராக்ஸை மட்டும் பார்த்து, 'எழுத்து கொஞ்சம் தடிமனாக இருக்கிறதே சார்' என்கிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். யாராவது ஒருவர் மேல் கணக்கு சரியில்லை என்று புகார் வந்தால், முதலில் வவுச்சரை எடுத்துப் பார் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த ஆள் மேல் ஐம்பது வருஷமாக ஒரே புகார். யாராவது வவுச்சரைப் பார்த்தார்களா? வாருங்கள், நாம் பார்க்கலாம்.

முதல் வவுச்சர் எங்கள் ஜில்லாவில் இருக்கிறது. வி.சி. கணேசன் என்ற பெயரில் இருக்கிற 'வி' விழுப்புரம். அப்பா சின்னையா மன்றாயருக்கு ரயில்வேயில் வேலை. 1928 அக்டோபர் 1-ம் தேதி பையன் விழுப்புரத்தில் பிறந்தான். குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். பையன் வளர்ந்தது திருச்சியில். ஆகவே 'எங்க ஊரு மண்ணுதான் அவருக்கு நடிப்பைக் கொடுத்தது' என்றெல்லாம் நான் ரீல் விட மாட்டேன். மண் கொடுத்தது இனிஷியல் மட்டும்தான்.

ஆனால் அந்த நடிப்பைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் ஊர் வல்லம். தஞ்சாவூர் வல்லம் இல்லை, திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் இருக்கிற வல்லம். இந்த வட்டாரம் திரௌபதி அம்மன் வட்டாரம். செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிற மேலச்சேரிக் கோயிலைத்தான் திரௌபதி அம்மனுக்கு ஆதிக் கோயில் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் சொல்வார்கள். திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். ஒரு ஆள் நீளம் இல்லை, பல ஆள் நீளம்!

அந்த மண் துரியோதனனின் சைஸைப் பாருங்கள். கூத்தில் வருகிற துரியோதனனும் அதே சைஸ்தான். தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம், முகம் பூரா அரிதாரம். திரைக்குப் பின்னால் நின்றே பாட ஆரம்பித்துவிடுவார். திரை விலகுவதற்குள் அவர் யார், எப்பேர்ப்பட்டவர் என்பது வயல்வெளி தாண்டிப் போய்விடும். விடியற்காலை மூன்று மணிக்கு, கடைசி வரிசையில் கோணியை விரித்துத் தூங்குகிறவனையும் எழுப்பி உட்கார வைக்கிற குரல் அது. சின்ன வயசில் ஒரு தடவை என் ஆயாவிடம், "ஏன் ஆயா இவ்ளோ கத்தறாரு?" என்று கேட்டேன். "துரியோதனன் மெதுவா பேசினா அவன் என்னடா துரியோதனன்?" என்றாள். நடிப்பு பற்றி அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை அப்புறம் நான் எங்கேயும் படிக்கவில்லை.

கணேசனும் இப்படி ஒன்றைப் பார்த்துத்தான் கெட்டுப்போனார். சின்னப் பையனாக இருந்தபோது பார்த்த கம்பளத்தார் கூத்து. கட்டபொம்மன் கதை. அந்த ஆசையில் நாடகக் கம்பெனிக்கு ஓடி, 'எனக்கு அப்பா அம்மா இல்லை' என்று பொய் சொல்லிச் சேர்ந்தார் என்பது அவரே பல தடவை சொன்ன கதை. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி. முதல் வேஷம் ராமாயணத்தில் சீதை.

பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளிக்கூடம், ஹாஸ்டல், தொழிற்சாலை மூன்றும் சேர்ந்த ஒரு வஸ்து. பாட்டு, வசனம், ஆட்டம், அடி எல்லாம் உண்டு. சம்பளம்தான் உண்டா இல்லையா என்று தெரியாது. பையன் ஸ்திரீபார்ட்டில் ஆரம்பிப்பான். குரல் உடைகிற வயசில் மவுசு போகும். அதைத் தாண்டி நின்றவன் ராஜபார்ட். எந்த ஊரில் கொட்டகை போட்டாலும் மைக் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் மேடைக்கு ஒன்று. பின்னால் காலணா டிக்கெட்டில் மணலில் உட்கார்ந்திருப்பவனுக்கு முகம் தெரியாது. அவனுக்குத் தெரிகிறது உருவம், நடை, கை. கேட்கிறது குரல். அந்த நாலை வைத்துக்கொண்டு அவனை அழ வைக்க வேண்டும். முடியாவிட்டால் சோறு கிடையாது.

இதுதான் சிவாஜியின் ஆரம்ப முதலீடு. சினிமாவுக்கு வரும்போது அவர் கையில் கொண்டுவந்த மூலதனம் இது ஒன்றுதான்.

பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் கணேசன் சிவாஜியாக நடித்தார்; காகபட்டராக அண்ணாவே நடித்தார். 1946-ல் அதைப் பார்த்த பெரியார், இனிமேல் நீ சிவாஜி கணேசன் என்றார். இந்து ராஜ்யத்தின் ராஜா பெயரை ஒருவருக்குப் பெரியார் சூட்டியது இந்த நாட்டின் விசித்திரங்களில் ஒன்று. எனக்கு இன்னொரு அல்ப சந்தோஷம். நிஜ சிவாஜி 1677-ல் படையோடு வந்து பிடித்தது எங்கள் செஞ்சிக் கோட்டையை. இந்த சிவாஜி பிறந்த விழுப்புரம் அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். சரி, விஷயத்துக்கு வருவோம்.

நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் இவரை முதலில் பார்த்தது ஒரு பெண் வேஷத்தில். நாடகம், 'நூர்ஜஹான்'. அதை ஞாபகம் வைத்திருந்து 'பராசக்தி'க்குக் கூப்பிட்டார். படம் பாதி எடுத்த நிலையில், இந்த ஒல்லிப் பையன் வேண்டாம், ஆளை மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. பெருமாள் பிடிவாதமாக நின்றார். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. அதற்கப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் வேலூருக்குப் போய் பெருமாள் முதலியார் வீட்டில் மரியாதை செய்துவிட்டு வருவதை சிவாஜி வழக்கமாகவே வைத்திருந்தார்.

'பராசக்தி'யில் ஜனங்கள் எதைப் பார்த்தார்கள்? பார்த்தார்கள் என்பதைவிடக் கேட்டார்கள் என்பது சரி. அதுவரை கதாநாயகன் என்றால் பாடுகிறவன். இவன் பேசினான். கலைஞரின் வசனத்தை இவன் பேசிய விதத்தில், எங்கே மூச்சு விடுகிறான் என்றே தெரியவில்லை. அந்தக் கோர்ட் வசனத்தை மனப்பாடம் செய்யாத கல்லூரி மாணவன் அன்றைக்கு மாணவனே இல்லை என்பார்கள். கதை வசனப் புத்தகம், அப்புறம் ஒலிச்சித்திரம், கல்யாண வீட்டு லவுட் ஸ்பீக்கர் என்று ஊர் ஊராகப் போனது அந்தக் குரல்தான்.

இப்போது முக்கியமான வவுச்சருக்கு வருகிறேன். வருஷம் 1954. அந்த வருஷம் மார்ச்சில் 'மனோகரா' வந்தது. ஏப்ரலில் தமிழ் வருஷப் பிறப்பு சமயத்தில் 'அந்த நாள்' வந்தது. நடுவில் ஒன்றரை மாசம்தான் வித்தியாசம்.

'மனோகரா'வில் சங்கிலியால் கட்டி அரசவைக்கு இழுத்து வருகிறார்கள். இளவரசன் பேசுகிறான். தூண்கள் அதிர்கின்றன. மேலே சொன்ன கூத்து துரியோதனனுக்கு ஒரு சகோதரன் இருந்தால் இப்படித்தான் இருப்பான். சங்கிலியே அங்கே ஒரு வாத்தியம்.

'அந்த நாள்' வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ஏவி.எம். படம். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். 1943-ல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள், ராஜன் என்கிற ரேடியோ இன்ஜினீயர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். யார் கொன்றது? ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவர் கண்ணிலும் ஒவ்வொரு ராஜன். ஹீரோ தேசத் துரோகி. எதிரிக்கு ரகசியம் விற்கிறவன். இதில் சிவாஜி எப்படிப் பேசுகிறார் தெரியுமா? நானும் நீங்களும் சோபாவில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. தன் திறமைக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை என்று குமைகிற ஒரு படித்த இளைஞனின் கசப்பு, முகத்தில் ஒரு மெல்லிய எரிச்சலாக மட்டும் ஓடுகிறது. அந்தச் சிரிப்பில் ஒரு நொடி தாமதம் இருக்கும். அந்த ஒரு நொடியில் அவன் பொய் சொல்கிறான் என்று நமக்குத் தெரிந்துவிடும், எதிரே நிற்கிற மனைவிக்குத் தெரியாது. பண்டரிபாயும் அப்படித்தான், அளந்து நடித்திருப்பார். இன்றைக்கு ஒரு வெப் சீரிஸில் இந்த நடிப்பைக் கொண்டுவந்து வைத்தாலும் பொருந்தும்.

இரண்டும் ஒரே ஆள். வயசு 25.

ரிசல்ட்? 'மனோகரா' வெற்றி. 'அந்த நாள்' தியேட்டரில் போகவில்லை. பாட்டு எங்கே, சண்டை எங்கே என்று கேட்டார்கள். விமர்சகர்கள் பாராட்டினார்கள், டெல்லியில் சான்றிதழ் கொடுத்தார்கள். கல்லா நிறையவில்லை.

ஒரு வியாபாரி கடையில் இரண்டு சரக்கு வைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மளமளவென்று விற்றது, இன்னொன்று தூசி படிந்தது. அடுத்த மாசம் அவன் எதை ஆர்டர் செய்வான்? அந்த ஆர்டரைப் போட்டது யார்? கவுன்ட்டரில் கியூவில் நின்ற நம் தாத்தா, நம் அப்பா. வால்யூம் பட்டன் சிவாஜி கையில் இருந்தது உண்மை. ஏற்று ஏற்று என்று கத்தியது நாம். ஏற்றினார். அப்புறம் காது வலிக்கிறது என்கிறோம்.

ஏற்றிய இடங்களில் எல்லாம் தப்பாக ஏற்றினாரா என்பது அடுத்த கேள்வி. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' முதலில் நாடகம். 1957-ல் சிவாஜி நாடக மன்றம் போட்டது. சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதியது. பி.ஆர். பந்துலு அதைப் படமாக்கி 1959-ல் வெளியிட்டார். ஜாக்சன் துரையோடு நடக்கிற அந்தச் சந்திப்பை எத்தனை பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் பார்த்திருப்பீர்கள்! அந்தக் காட்சியை மறுபடி ஒரு தடவை போட்டுப் பாருங்கள். சி.ஆர். பார்த்திபன் ஜாக்சனாக அலட்டிக்கொள்ளாமல் இருப்பார். எதிராளி அமைதி, இவர் ஆவேசம். நாற்காலி அவனுடையது, ஆபீஸ் அவனுடையது, பீரங்கி அவனுடையது. இவரிடம் இருப்பது குரல் மட்டும். அந்தக் குரலைத் தணித்தால் காட்சியில் கட்டபொம்மனிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? (நிஜக் கட்டபொம்மன் வீட்டில் பேசியது தெலுங்கு என்பது வேறு கதை. அதற்காக யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.) கெய்ரோவில் 1960-ல் நடந்த ஆப்ரோ-ஆசியப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது இந்தக் குரலுக்குத்தான் கிடைத்தது. தமிழ் தெரியாத ஊரில்.

இங்கே ஒரு வெள்ளைக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. லாரன்ஸ் ஒலிவியர். இங்கிலாந்தில் மேடைக்கும் திரைக்கும் பொதுவான பெரிய நடிகர் யார் என்று கேட்டால் அவர்கள் சொல்கிற பெயர். 1907-ல் பிறந்தவர். அவரும் மேடையிலிருந்து வந்தவர்தான். அவர் மேலும் இதே புகார்தான்! 1939-ல் 'வூதரிங் ஹைட்ஸ்' எடுக்கும்போது டைரக்டர் வில்லியம் வைலர் அவரைப் படாத பாடு படுத்தினார். நீ நாடகக் கொட்டகையில் இல்லை, கேமரா முன்னால் நிற்கிறாய் என்று இடித்துக்கொண்டே இருந்தார். சினிமா என்றால் என்ன என்று தனக்குக் கற்றுக் கொடுத்தது வைலர்தான் என்று ஒலிவியர் பிற்பாடு நன்றியோடு ஒப்புக்கொண்டார்.

கற்றுக்கொண்ட பிறகு அடக்கி வாசித்தாரா? எங்கே! 1964-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் 'ஒதெல்லோ' போட்டார். அதற்காக மாசக்கணக்கில் சாதகம் செய்து, தன் குரலைப் பல படி கீழே இறக்கினார். நடையை மாற்றினார். உடம்பு பூரா கறுப்புச் சாயம் பூசிக்கொண்டார். இன்றைக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். மறுவருஷம் அதை அப்படியே படம் பிடித்தார்கள். க்ளோஸ்-அப்பில் அந்த நடிப்பு சட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஆஸ்கருக்குப் பரிந்துரையும் ஆனது. வேடிக்கை என்னவென்றால் அதற்கு முந்தின வருஷம், 1963-ல், 'இரத்தத்திலகம்' படத்தில் நம் ஆளும் ஒதெல்லோ போட்டார். காலேஜ் நாடகக் காட்சி, சாவித்திரி டெஸ்டிமோனா. சில நிமிஷம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதிகம் அடக்கி வாசித்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்கு இருந்தால் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

ஒலிவியரோடு ஒப்பிட்டது பெருமைக்காக இல்லை. அந்த ஆளுக்குக் கிடைத்த ஒன்று இந்த ஆளுக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக. உரத்துப் பேச வேண்டும் என்று தோன்றினால் போய்ப் பேசுவதற்கு ஒலிவியருக்கு ஒரு மேடை இருந்தது. 1963 முதல் பத்து வருஷம் நேஷனல் தியேட்டருக்கு அவர்தான் இயக்குநர். அரசாங்கம் பணம் கொடுத்தது. கேமராவுக்கு வேறு நடிப்பு, கொட்டகைக்கு வேறு நடிப்பு என்று இரண்டு பேரேடு வைத்துக்கொள்ள முடிந்தது. சிவாஜிக்குச் சொந்த நாடக மன்றம் இருந்தது, சபாக்கள் இருந்தன. 'வியட்நாம் வீடு', 'தங்கப்பதக்கம்' எல்லாம் அவர் மேடையில் போட்டுப் படமானவைதான். ஆனால் பிழைப்பு ஸ்டூடியோவில். வருஷத்துக்கு ஆறு படம், ஏழு படம். மேடையில் செலவழிக்க வேண்டியதையும் கேமராவுக்கு முன்னாலேயே செலவழித்தார். இரண்டு வரவு செலவும் ஒரே நோட்டில்.

ஆனாலும் அந்த ஒரே நோட்டில் அவர் எப்படி எழுதினார் என்று பார்க்க 'நவராத்திரி' இருக்கிறது. 1964, அவருடைய நூறாவது படம். ஏ.பி. நாகராஜன் டைரக்‌ஷன். ஒன்பது வேஷம். இங்கிலீஷில் அலெக் கின்னஸ் 1949-லேயே ஒரே படத்தில் எட்டு வேஷம் போட்டு மூக்கில் விரல் வைக்க வைத்தார். ஆனால் அங்கே வேடிக்கை மேக்கப்பில். இங்கே வேடிக்கை வால்யூமில். டாக்டராக வருகிறவரைக் கேளுங்கள், குரல் ஆஸ்பத்திரி வராந்தாவைத் தாண்டாது. கூத்துக்காரராக வருகிறவரைக் கேளுங்கள். அடடா! சத்தியவான் வேஷம் கட்டி ஆடுகிற அந்தக் காட்சியில் எங்கள் ஊர்த் திருவிழாவின் ஒரு மணி நேரம் சுருங்கிக் கிடக்கிறது. அந்தக் கால் வைப்பு, ஜனங்களை ஓரக்கண்ணால் அளக்கிற அந்தப் பார்வை, வசனத்தின் கடைசிச் சொல்லை இழுத்துக் கொட்டு அடிக்காரரிடம் ஒப்படைக்கிற லாகவம். சாவித்திரி வேறு விடாமல் ஈடு கொடுப்பார். கூத்தைக் கிண்டல் செய்யாமல், கூத்துக்கு உள்ளே போய் நின்று ஆடியிருப்பார்கள். கூத்தின் வால்யூம் எது, டாக்டரின் வால்யூம் எது என்று தெரியாத ஆள் இந்த இரண்டையும் ஒரே படத்தில் செய்ய முடியாது.

'திருவிளையாடல்' மீனவர் நடையைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அதை எல்லோரும் நடந்து பார்த்துவிட்டார்கள்.

இதுவரை நான் வக்கீல் மாதிரிப் பேசினேன். இனி கொஞ்சம் ஆடிட்டர். 1970-களின் பிற்பகுதியிலிருந்து வந்த பல படங்களை இன்று உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. ஐம்பது வயசில் விக் வைத்துக்கொண்டு, டைட் பேன்ட் போட்டுக்கொண்டு, பூங்காவில் இளம் கதாநாயகியைத் துரத்துகிறார். 'திரிசூலம்' 1979-ல் வந்தது. இருநூறாவது படம், மூன்று வேஷம், பிரமாதமான வசூல். அதில் வருகிற டெலிபோன் காட்சிதான் மிமிக்ரிக்காரர்களுக்கு இன்றைக்கும் சோறு போடுகிறது. அங்கே உணர்ச்சி பாத்திரத்திலிருந்து வரவில்லை. 'இந்த இடத்தில் ஜனம் அழும்' என்று தெரிந்த ஒருவரின் அனுபவத்திலிருந்து வருகிறது. கூத்துக்காரர் துரியோதனனுக்காகக் கத்துவார். இங்கே சிவாஜி, சிவாஜிக்காகக் கத்தினார். இரண்டும் ஒன்றில்லை. ரசிகர் மன்றத்து ஆட்கள் கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளட்டும்.

இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. 'தங்கப்பதக்கம்' எழுதியவர் மகேந்திரன். அதே மகேந்திரன் 1978-ல் 'முள்ளும் மலரும்', 1979-ல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். பேசாமல் இருப்பதும் நடிப்புதான் என்று தமிழ் சினிமா கற்றுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. 'அந்த நாள்' செய்த ஆள் ஐம்பது வயசில், முழு பலத்தோடு, பக்கத்து ஃப்ளோரில்தான் இருந்தார். அவரைக் கூப்பிட்டு 'பேசாதீங்க சார், சும்மா உட்காருங்க' என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. இவரும் போய்க் கேட்கவில்லை. ஒலிவியர் கிழவராகி, உடம்பு கெட்ட பிறகும், 1976-ல் 'மாரத்தான் மேன்' படத்தில் ஒரு நாஜி டாக்டராக வந்து, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப மெதுவாகக் கேட்டே உலகத்தை நடுங்க வைத்தார். அப்படி ஒரு வேஷத்தை இங்கே யாரும் எழுதவில்லை.

கொடுத்தவர் பாரதிராஜா. 1985, 'முதல் மரியாதை'. பெரிய மேக்கப் இல்லை, மலைச்சாமி என்கிற ஊர்ப் பெரியவர். வீட்டில் மனைவியின் வாய்க்கு பயந்து, வெளியே ஒரு படகுக்காரப் பெண்ணின் பேச்சில் மறுபடி உயிர் வந்து... அந்த இளவட்டக்கல்லைத் தூக்குகிற காட்சியில், தூக்கியதற்கப்புறம் அவர் முகத்தில் வருகிறதே ஒரு வெட்கம், அதை எந்த மிமிக்ரிக்காரராலும் செய்ய முடியாது. ஏனென்றால் அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு கிழவர், தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறார். அவ்வளவுதான்.

ஏழு வருஷம் கழித்து 'தேவர் மகன்'. கமல் எழுத, பரதன் இயக்கியது. பெரிய தேவர் பாதிப் படத்தில் இறந்துபோகிறார். மீதிப் படம் முழுக்க அந்த நாற்காலி காலியாக இருப்பதை நாம் உணர்ந்துகொண்டே இருக்கிறோம். இல்லாத காட்சிகளிலும் நடிப்பது என்றால் இதுதான்.

விருது கணக்கு? சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கடைசிவரை இல்லை. 1985-க்கான விருது சசி கபூருக்குப் போனது, 1992-க்கானது மிதுன் சக்கரவர்த்திக்கு. 1995-ல் பிரான்ஸ்காரன் செவாலியே கொடுத்த பிறகு, 1996-க்கான தாதா சாகேப் பால்கே டெல்லியிலிருந்து வந்தது. இறந்த பிறகு, 2006-ல் மெரினா கடற்கரைச் சாலையில் சிலை வைத்தார்கள். போக்குவரத்தை மறைக்கிறது என்று கோர்ட்டுக்குப் போய், 2017-ல் அடையாறு மணிமண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சிலையாக நின்றபோதும் இடத்தை அடைத்துக்கொள்கிறார் என்றுதான் புகார்!

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு உபகாரம் செய்யுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' உங்கள் வீட்டு டி.வி.யில் எப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். 1968 படம். நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாசிப்பது போல நடித்தார். கையில் காயம்பட்டுத் தேறி வந்த சண்முகசுந்தரம் மறுபடி மேடையில் வாசிக்க உட்கார்வார். எதிரே பத்மினி ஆடிக்கொண்டே பாட்டில் நலம் விசாரிப்பார். தமிழ்நாட்டின் மிகப் பெரிய வசனக்காரருக்கு அங்கே ஒரு வசனம்கூடக் கிடையாது. இருக்கவும் முடியாது, வாயை நாதஸ்வரம் அடைத்திருக்கிறது. கன்னம் உப்பி இருக்கிறது, கை இரண்டும் துளைகளில். நடிக்க மிச்சம் இருப்பது கழுத்து நரம்பும் இரண்டு கண்ணும்தான். ரிமோட்டை எடுத்து வால்யூமை முழுசாகக் குறைத்துவிட்டு அந்தக் கண்ணை மட்டும் பாருங்கள். பதில் சொல்ல வேண்டும், அழக் கூடாது, சுருதி விலகக் கூடாது. மூன்றும் அதற்குள் இருக்கும்.